மூன்று அரை மீசைகள்

எங்கள் வீட்டில் எதையும் முழுசாகச் சாப்பிட்ட ஆள் கிடையாது. என் கணவரும் அவருடைய தம்பிகள் இருவரும் அவித்த முட்டை ஒன்றே ஒன்று இருந்தாலும் அதைத் தையல் நூலால் மூன்றாக அறுத்துச் சாப்பிடுகிறவர்கள். சின்ன வயதில் இல்லாமையில் வந்த பழக்கம். இப்போது மூன்று நாற்காலி போட்ட சலூன் இருக்கிறது, முட்டையும் வேண்டிய மட்டும் இருக்கிறது. ஆனாலும் நூலை விட்டபாடில்லை. நான் கல்யாணமாகி வந்த அன்று அதே முட்டையை நான்காக அறுத்து என் தட்டிலும் ஒரு துண்டு வைத்தார்கள். அதுதான் எனக்குக் கிடைத்த வரவேற்பு.

எனக்கு இப்போது ஏழாம் மாதம். பல வருஷம் ஏங்கி, இனி இல்லை என்று மனசைத் தேற்றிக்கொண்ட பிறகு உண்டான குழந்தை. அதனால் யார் இருமினாலும் எனக்குப் பயம்தான்.

அப்படியிருக்கும்போது, ஷேவிங்குக்கு வந்து உட்கார்ந்த ஒரு புண்ணியவான், நுரை மூக்கில் ஏறியதோ என்னவோ, என் கணவரின் முகத்துக்கு நேராகத் தும்மித் தள்ளினார். இவர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "பரவால்லங்க" என்று சொல்லிவிட்டு மீதித் தாடியை எடுத்தார். வந்தவரை அரைகுறையாக எழுப்பி அனுப்புகிற வழக்கமே அவருக்குக் கிடையாது. கரண்ட் போனால்கூடத் தம்பியை டார்ச் பிடிக்கச் சொல்லி முடித்துத்தான் அனுப்புவார். கொஞ்ச நாளில் அவருக்கு உடம்பு அனலாய்க் கொதித்தது.

தெருமுனை கிளினிக்கில் டாக்டரம்மா மூக்கில் குச்சி விட்டுப் பார்த்துவிட்டு, "இது வெறும் சளி இல்ல, ஃப்ளூ. காய்ச்சல் வந்த உடனே வந்தீங்க, நல்லதாப் போச்சு. இந்த மருந்தை ரெண்டு நாளுக்குள்ள ஆரம்பிச்சாத்தான் நல்லா கேக்கும். காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு, அட்டையில இருக்கிற பத்தும் தீர்ற வரைக்கும் போடணும். காய்ச்சல் விட்டுடுச்சுன்னு நிறுத்தக் கூடாது" என்றார். பிறகு என் பக்கம் திரும்பினார். "உங்களுக்கு வந்தா நுரையீரல் வரைக்கும் போயிடலாம்மா. குழந்தைக்கும் நல்லதில்ல. வராம தடுக்க உங்களுக்கும் இதே மருந்து தர்றேன், தினம் ஒண்ணே ஒண்ணு. அவர் வேற ரூம்ல படுக்கட்டும்."

எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏற்கெனவே ஓர் ஆள் குடியிருக்கிற இடம் அது.

அவர் முன்னறைக்குப் போனார், நான் பின்னறைக்கு. சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிற வேலை, மாஸ்க் போட்டுக்கொண்டு பெரிய கொழுந்தனுக்கு. என் மாத்திரையை நான் சாப்பாட்டுக்குப் பிறகு தவறாமல் போட்டேன். மூன்றாம் நாள் காலை அவருக்குக் காய்ச்சல் விட்டிருந்தது. முன்னறையிலிருந்து சீட்டியடிக்கும் சத்தம் வேறு. எனக்கு அப்போதே சந்தேகம் தட்டியது. அந்த மனுஷர் தப்புப் பண்ணினால்தான் சீட்டியடிப்பார்.

கதவுக்கு வெளியே நின்றுகொண்டு, "என்னங்க, அட்டையைத் தூக்கிக் காட்டுங்க பாப்போம்" என்றேன்.

சீட்டி நின்றது. அட்டை உயர்ந்தது. ஒன்றுகூட மிச்சமில்லை.

"பாதிதானே போட்டிருக்கணும்? மீதி அஞ்சு எங்க?"

"சின்னவனுக்குத் தொண்டை கரகரங்குதுன்னான். சரி, எனக்குத்தான் விட்டுடுச்சேன்னு அவனுக்கு ரெண்டு குடுத்தேன். அவனுக்குக் குடுத்துட்டுப் பெரியவனுக்குக் குடுக்காம இருக்க முடியுமா? அவனுக்கும் ரெண்டு."

"அது முட்டையா, நூல் போட்டு அறுக்க? சரி, ரெண்டும் ரெண்டும் நாலு. இன்னொண்ணு?"

அவர் கூரையில் ஓடும் ஃபேனைப் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். நோய் முழுசாகப் போகாமல் இந்த வீட்டுக்குள்ளேயே ஒருத்தர் மாற்றி ஒருத்தரிடம் சுற்றி, கடைசியில் என்னிடம் வந்தால்? எனக்கு வந்தாலும் பொறுத்துக்கொள்வேன். உள்ளே இருப்பது என்ன பாவம் செய்தது? அழுகையும் கோபமும் சேர்ந்து வந்தன. எனக்கு எப்போதும் கோபம்தான் முந்தும்.

மத்தியானம் அவர் அசந்து தூங்கும்போது பெரிய கொழுந்தனைக் கூப்பிட்டேன். "கத்தியை எடுத்துட்டு வா. உங்கண்ணன் மீசையில பாதியை எடு."

"அண்ணி! அது அண்ணனோட மீசை!"

"பாதிதானே எடுக்கச் சொன்னேன்."

அவன் பேய் முழி முழித்தான். அந்த மீசையை ஃபோட்டோ எடுத்துத்தான் சலூன் போர்டிலேயே போட்டிருக்கிறார்கள். இருந்தாலும் அண்ணி சொல்லைத் தட்டிப் பழக்கமில்லாத பிள்ளை. மாஸ்க்கை ஏற்றி விட்டுக்கொண்டு உள்ளே போனான். தொழில் சுத்தம், தூங்குகிறவருக்கு ஒரு சிணுங்கல்கூட இல்லை.

எழுந்ததும் மூக்கைத் தேய்க்கப் போன கை அப்படியே நின்றது. கண்ணாடியைப் பார்த்தவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு ஜன்னல் திறந்தது. "எவன்டா பண்ணான் இதை?"

"நான்தான் பண்ணச் சொன்னேன்" என்றேன் வாசற்படியிலிருந்து. "பாதி எடுத்ததுமே முகம் நல்லாயிடுச்சு. அதான் நிறுத்திட்டோம். மீதி மீசையைத் தம்பிங்களுக்குப் பிரிச்சுக் குடுத்துடுங்க."

அவர் என்னைப் பார்த்தார், கண்ணாடியைப் பார்த்தார், காலி அட்டையைப் பார்த்தார். புரிந்துவிட்டது என்று நினைத்தேன். யாருக்கு எது புரிந்தது என்பது மறுநாள் காலைதான் தெரிந்தது.

விடிந்ததும் சின்னக் கொழுந்தனுக்கு நல்ல காய்ச்சல். எல்லோரும் மாஸ்க் போட்டுக்கொண்டு கிளினிக்குக் கிளம்பினோம். மூவரும் முன்னால், நான் நன்றாகத் தள்ளிப் பின்னால். டாக்டரம்மா அறையில் ஜன்னலைத் திறந்து வைத்து, அதன் ஓரமாக எனக்கு ஒரு ஸ்டூல் போட்டார்கள்.

"மாஸ்க்கை இறக்குங்க, தொண்டையைப் பாக்கணும்" என்றார் சின்னவனிடம். இறக்கினான். அரை மீசை. டாக்டரம்மா என் கணவரிடம், "நீங்க?" என்றார். இறக்கினார். அரை மீசை. பெரிய கொழுந்தன், கேட்பதற்கு முன்பே தானாக இறக்கிக் காட்டினான். அண்ணனுக்கு ஒரு பக்கம் மட்டும் இருக்கும்போது தம்பிகள் முழுசாக வைத்துக்கொள்வதாவது!

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "எனக்கு இந்த நோய் என்னன்னு தெரியலையே" என்றார்.

நான் எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தேன். அவர் மேஜையைத் தட்டினார். "குடுத்த மாத்திரையை எல்லாம் இதுல வைங்க."

பெரியவன் காகிதத்தில் மடித்து வைத்திருந்த இரண்டை வைத்தான். சின்னவன் ஒன்றைத்தான் வைத்தான், ஒன்று வயிற்றுக்குள் போயிருந்தது. என் கணவர் மட்டும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"உங்ககிட்ட ஒண்ணு இருக்கணுமே?"

அவர் திருதிருவென்று விழித்துவிட்டு, சட்டைப் பையிலிருந்து ஒரு தீப்பெட்டியை எடுத்தார். உள்ளே பஞ்சு விரித்து, அதன் நடுவில் ஒரு மாத்திரை.

"இது யாருக்கு?"

அவர் தலை நிமிராமலே என் வயிற்றின் பக்கம் கையைக் காட்டினார். "அதுக்குத்தான். வீட்ல எல்லாருக்கும் குடுத்துட்டு அதுக்கு மட்டும் இல்லைன்னா எப்படி? பொறந்ததும் கரைச்சுக் குடுக்கலாம்னு வெச்சேன்."

திட்டுவதற்காக நான் திறந்த வாய் திறந்தபடியே இருந்தது. அவர் அப்பாவாகிவிட்டது எனக்கு அந்தத் தீப்பெட்டியைப் பார்த்தபோதுதான் முதலில் தெரிந்தது. எனக்குக் கண் நிறைந்துவிட்டது.

டாக்டரம்மா தீப்பெட்டியை மூடினார். குரல் மட்டும் கொஞ்சம் இறங்கியிருந்தது. "பொறந்த குழந்தைக்கு இதையெல்லாம் நீங்களா குடுக்கக் கூடாது. அதோட பங்கு அதுக்குப் போய்க்கிட்டுதான் இருக்கு. உங்க மனைவி தினமும் முழுங்கறாங்களே, அது ஒண்ணு. நீங்க உங்களோடதை முழுசா முடிச்சா, அது இன்னொண்ணு."

"முழுசாவா? நானே எல்லாத்தையுமா?"

"நீங்களே. யாருக்கும் குடுக்காம."

விட்ட இடத்திலிருந்து தொடர அவருக்குப் புது மாத்திரை எழுதினார். சின்னவனுக்குக் காய்ச்சல் இப்போதுதான் ஆரம்பித்ததால் அவனுக்கும் தனியாக ஓர் அட்டை. பெரியவன் காத்திருந்து பார்த்துவிட்டு, "டாக்டரம்மா, எனக்கு?" என்றான்.

"உங்களுக்கு ஒண்ணுமில்ல. நல்லாத்தான் இருக்கீங்க. கையைக் கழுவுங்க, மாஸ்க்கைக் கழட்டாதீங்க. காய்ச்சல் வந்தா அன்னிக்கே வாங்க."

"ஒண்ணே ஒண்ணு?"

"கிளம்புங்க" என்றார்.

அதன் பிறகு முன்னறையில் நடந்ததைக் கதவுக்கு வெளியே நின்று பார்த்து ரசித்தேன். ஒவ்வொரு வேளையும் அந்த மனுஷர் தம்பி பக்கம் முதுகைத் திருப்பிக்கொண்டு, திருட்டுத்தனமாகத் தின்கிறவர் மாதிரி மாத்திரையை முழுங்கினார். அந்தப் பக்கம் சின்னவனும் அப்படியே. நடுவில் தண்ணீர்ச் சொம்போடு நின்ற பெரியவன் இருவரையும் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தான்.

கடைசி மாத்திரையைப் போட்ட அன்று அவர் என் அறை வாசல்வரை வந்து நின்றார். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் கலங்கியிருந்தன. காலி அட்டையைத் தூக்கிக் காட்டினார்.

"எல்லாத்தையும் நானே தின்னுட்டேன்" என்றார், கொலைக் குற்றத்தை ஒப்புக்கொள்கிறவர் மாதிரி.

"பாத்தேன்" என்றேன். "வயிறு நிறைஞ்சுதா?"

அவர் என் வயிற்றைப் பார்த்தார். "அதுக்கு நிறைஞ்சுதான்னு கேட்டுச் சொல்லு" என்றார்.