தங்கச்சி பேசின வசனம்

காலையிலிருந்தே எனக்கு இருப்புக்கொள்ளலை. தையல் மெஷின்ல உட்கார்ந்தா நூல் அறுந்து போகுது. எழுந்தா ஜன்னல், ஜன்னலை விட்டா வாசல். எங்க தெருவுல மூணு வீட்டுக் குழந்தைங்களுக்குத் தட்டம்மை. ஒண்ணு ஆஸ்பத்திரியில மூச்சுக்குத் தவிக்குது. என் தங்கச்சி மகளுக்குப் பதினோரு மாசம், இன்னும் ஊசி போடலை. தங்கச்சிகிட்ட பேசிப் பேசி என் தொண்டைத் தண்ணி வத்தினதுதான் மிச்சம்.

அதனாலதான் எங்க தெரு கண்டக்டர் அண்ணன் தெருநாடகம் போடலாம்னதும் முதல் ஆளா கையைத் தூக்கினேன். பஸ்ஸுல டிக்கெட் கிழிக்கிறவர் நாடகத்துல டாக்டர். நான், ஊசி வேண்டாம்னு அடம்பிடிக்கிற அம்மா. நாடகம் முடிஞ்சதும் பள்ளிக்கூட வராண்டாவுல நர்ஸம்மா ஊசி போடுவாங்க. வசனத்தை அவங்கவங்களே யோசிச்சுப் பேசிக்கணும்னுட்டார் அண்ணன். எனக்கென்ன பஞ்சம்? தங்கச்சி சொன்னதையெல்லாம் அப்படியே எடுத்துக்கிட்டேன்.

சாயங்காலம் பள்ளிக்கூட வாசல்ல நல்ல கூட்டம். தங்கச்சி முன்வரிசையில, இடுப்புல மகளோட நின்னா.

"ஊசி போட்டா காய்ச்சல் வரும், குழந்தை துவண்டுடும். விடிய விடிய யாரு முழிக்கிறது, நீங்களா?"ன்னு கேட்டு, அவளை மாதிரியே மூக்கை உறிஞ்சினேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரிச்சுது. எனக்குத் தலைகால் புரியலை. ஊசி போட்டாச்சுன்னு புருஷன்கிட்ட அவ புளுகி வெச்சிருந்ததையும் எடுத்து விட்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி ஒருத்தி தங்கச்சியைத் திரும்பிப் பார்த்தா. அப்புறம் எல்லாரும் பார்த்தாங்க. அவ குழந்தையோட விறுவிறுன்னு கிளம்பிட்டா.

அடிப்பாவி, என்ன காரியம் பண்ணிட்டேன்! நாடகத்தை அப்படியே விட்டுட்டு ஓடி, கேட் பக்கத்துல அவளை மறிச்சேன்.

"உன்னை நம்பித்தானேக்கா சொன்னேன்? ஊசியும் வேண்டாம், நீயும் வேண்டாம்."

"நானும் அதே லட்சணம்தான்டி. என் பையனோட ரெண்டாவது ஊசியை ஆறு மாசம் தள்ளிப் போட்டேன். அவன் அழுதா எனக்குத் தாங்காது. போன வாரம் எதிர்வீட்டுக் குழந்தையை ஆம்புலன்ஸ்ல ஏத்தினதைப் பார்த்துட்டுத்தான் ஓடிப்போய்ப் போட்டேன்."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"வெட்கமா இருந்துச்சு."

"என்னை மட்டும் சந்தி சிரிக்க வெச்சியே! போ, அங்க போய்ச் சொல்லு."

போனேன். கண்டக்டர் அண்ணன் தனியா நின்னு எதையோ உளறிச் சமாளிச்சுக்கிட்டிருந்தார். அவரை நகரச் சொல்லிட்டு, ஆறு மாசக் கதையை ஒண்ணு விடாம சொன்னேன். என் குரலே எனக்குப் பிடிக்கலை. ஒருத்தரும் சிரிக்கலை.

"காய்ச்சல் வந்துச்சா?"ன்னு ஒரு அம்மா கேட்டா.

"வந்துச்சு. ஒரு நாள் முழிச்சேன். போயிடுச்சு."

அவ குழந்தையைத் தூக்கிக்கிட்டு வராண்டாவுக்குப் போனா. பின்னாலயே நாலஞ்சு பேர் போனாங்க. எல்லாருக்கும் கடைசியா தங்கச்சி வந்து நின்னா. குழந்தை திமிறினதால கையைப் பிடிச்சுக்கச் சொன்னாங்க நர்ஸம்மா. நான்தான் பிடிச்சேன். ஊசி இறங்கினதும் வீல்னு கத்துச்சு.

தங்கச்சி என் முகத்தைப் பார்க்கவே இல்லை. "இனிமே உன்கிட்ட எதையும் சொல்ல மாட்டேன்க்கா"ன்னு மட்டும் சொன்னா.

சரின்னு தலையாட்டினேன். குழந்தையை மட்டும் கொஞ்ச நேரம் என்கிட்டயே விட்டுவெச்சா.