புது ஆளுக்கு ஒரு விலை

காரை மெத்தைக்கடைக்காரருக்குக் கொடுத்துவிடுவது என்று புதன்கிழமையே முடிவு செய்துவிட்டேன். வியாழக்கிழமை மாலை ஐந்து மணிக்கு வந்து பார்ப்பதாகச் சொல்லியிருந்தார். அவர் அந்த வண்டியை இரண்டு வருஷமாக விலைக்குக் கேட்டுக்கொண்டிருக்கிறார்.

முடிவு செய்ய வைத்தது ஒரு கடிதம். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து வந்தது. "மதிப்பிற்குரிய எங்கள் நீண்டகால வாடிக்கையாளரே" என்று தொடங்கியது. எவனாவது மதிப்பிற்குரிய என்று ஆரம்பித்தால் நான் முதலில் சட்டைப்பையைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன். கடிதத்தின் அடியில் இந்த வருஷம் கட்ட வேண்டிய தொகை இருந்தது. போன வருஷம் கட்டியதைப் போல ஏறக்குறைய இரண்டு பங்கு. என் பென்ஷனில் இரண்டு மாதம் அதற்கே போய்விடும்.

கார் எனக்குப் பெரிதில்லை. முப்பத்தைந்து வருஷம் கடைகளுக்கு ஷட்டர் மாட்டினேன், சைக்கிளிலேயே போய் மாட்டினேன். கார் என் மனைவிக்கு. இடுப்பில் ஆபரேஷன் ஆன பிறகு அவளால் பஸ் படி ஏற முடியாது. அவள் தங்கை, என் கொழுந்தியா, ஊருக்கு வெளியே ஒரு காப்பகத்தில் இருக்கிறாள். ஒரு பக்கம் கை கால் விழுந்துவிட்டது, வாய் மட்டும் நன்றாக இருக்கிறது. சனிக்கிழமை தோறும் அங்கே போவோம். அக்காவும் தங்கையும் ஒரு மணி நேரம் சண்டை போடுவார்கள், நான் வெளியே மரத்தடியில் உட்கார்ந்திருப்பேன். சண்டை போட்டுவிட்டு வரும் ராத்திரி என் மனைவி நன்றாகத் தூங்குவாள். வாடகைக் கார் வைத்தால் மாதம் ஒரு தடவைக்குத்தான் கட்டுப்படியாகும். மாதம் ஒரு சண்டை அவளுக்குப் போதாது.

மகள் மருந்துக்கடையில் வேலை பார்க்கிறாள். புதன்கிழமை வேலை முடிந்து வந்தவள் கடிதத்தைப் பார்த்துவிட்டுப் போனை எடுத்து நீட்டினாள்.

"இங்க பாருங்கப்பா. வேற கம்பெனில இதுல பாதிதான் காட்டுது."

"போன்ல காட்டுறவன் போன்லயேதான் இருப்பான். வண்டி மோதினா நான் போய் போனையா தட்டுறது?"

"அவங்களுக்கும் ஆபீஸ் இருக்குப்பா. பத்தொன்பது வருஷமா ஒரே இடத்துல கட்டுறீங்க. அவங்க என்ன கொடுத்தாங்க?"

"காலண்டர் கொடுத்தான்."

"அதையும் நிறுத்தி மூணு வருஷம் ஆச்சு."

என் மனைவி கம்பை ஊன்றிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சண்டை போடாமல் போனால்தான் எனக்குப் பயம்.

அந்தக் கம்பெனி மேல் எனக்குப் பாசம் ஒன்றும் கிடையாது. வேறு இடத்துக்குப் போனால் அங்கே இருப்பவன் புதுத் திருடன், இவனாவது பழகின திருடன் என்ற கணக்குதான். இன்னொன்றும் இருந்தது. பத்தொன்பது வருஷத்தில் அவனிடம் ஒரு காசு க்ளெய்ம் என்று வாங்கியதில்லை. அந்த நல்ல பேர் அவன் கம்பெனிக்குள்தான் செல்லும், வெளியே போனால் செத்துப்போகும் என்று நினைத்திருந்தேன். யாரும் சொல்லவில்லை, நானே நினைத்துக்கொண்டது.

வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு ஆபீஸுக்குப் போனேன். விலை குறையும் என்ற நம்பிக்கையில் போகவில்லை. காரை விற்பதற்கு முன்னால் நாலு வார்த்தை கேட்டுவிட்டு வரலாம் என்று போனேன்.

எப்போதும் இருக்கும் அம்மாள் ரிட்டயர் ஆகிவிட்டாராம். அவருடைய நாற்காலியில் ஒரு சின்னப் பெண் இருந்தாள். மூக்கடைப்போடு பேசினாள், மேசை மேல் ஒரு தைலக் குப்பி. கடிதத்தை அவள் முன்னால் போட்டேன்.

"இது என்னம்மா விலை? காருக்கா, கப்பலுக்கா?"

அவள் நம்பரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். மறுபடி திரையைப் பார்த்தாள்.

"ஐயா, வண்டி நீங்கதான் ஓட்டுறீங்களா?"

"வேற யாரு ஓட்டுவா?"

"இல்ல, ரொம்ப ஜாஸ்தியா இருக்கேன்னு கேட்டேன்."

"என்ன ஜாஸ்தி?"

"விபத்து. உங்க பேர்ல ஏழு விபத்து இருக்கு."

"ஏழா? ஒண்ணு கூட கிடையாதும்மா. வேற எவன் பேரையோ பாக்குற."

"உங்க வண்டி நம்பர்தான். வாசிக்கட்டுமா?" மூக்கை உறிஞ்சிக்கொண்டு வாசித்தாள். "முதல் விபத்து. வலது பக்கக் கண்ணாடி சேதம். எதிர்த்தரப்பு, சைக்கிள். ரெண்டாவது, பின்பக்க பம்பர். எதிர்த்தரப்பு, கேட்டுத் தூண். மூணாவது, மோதல், பானெட். எதிர்த்தரப்பு…" அவள் நிறுத்தினாள். "பந்து."

"என்ன பந்து?"

"பந்துன்னுதான் போட்டிருக்கு."

அப்போது எனக்கு விளங்கியது. விளங்கியதும் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன்.

வண்டி வாங்கின புதிதில், ஷட்டர் வேலைக்குப் போன இடத்தில் ஒருவர் புலம்பிக்கொண்டிருந்தார். சின்ன அடி ஒன்றைக் கம்பெனியிடம் சொல்லாமல் விட்டாராம். பிறகு பெரிய அடி பட்டபோது, நீ முன்பே மறைத்தவன் என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிட்டார்களாம். அன்றைக்கே நான் தீர்மானித்தேன், இவன்களுக்கு அந்த வாய்ப்பைக் கொடுக்கக் கூடாது என்று. அதிலிருந்து வண்டியில் நகம் அளவு கீறல் விழுந்தாலும் மறுநாள் காலை ஆபீஸில் நிற்பேன். "எழுதிக்கோங்கம்மா. கண்ணாடி உடைஞ்சது. நானே மாத்திக்கிட்டேன். காசு வேண்டாம். எழுதி சீல் மட்டும் போட்டுக் கொடுங்க." அந்த அம்மாளும் எழுதுவார், சீல் போடுவார். பையன்கள் அடித்த பந்து பானெட்டில் விழுந்ததைக்கூடச் சொன்னேன். பள்ளம் கூட விழவில்லை. எதற்கும் இருக்கட்டும் என்று சொன்னேன்.

கம்பெனி ஏமாற்றக் கூடாது என்று நானே என் கையால் ஏழு விபத்தை அவனிடம் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறேன்.

இதையெல்லாம் அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அவள் கையால் வாயை மூடிக்கொண்டாள். சிரிப்பை அடக்குகிறாளா தும்மலை அடக்குகிறாளா என்று தெரியவில்லை.

"சிரிக்கணும்னா சிரிச்சிடும்மா."

"ஐயா, யாருமே பந்துக்கெல்லாம் வந்து சொல்ல மாட்டாங்க."

"நான் சொன்னேன். அதனாலதான் ஏமாந்தேன். இத்தனை வருஷம் ஏன் இது தெரியல?"

"முன்னாடி இருந்த மேடம் பாத்து விலை போட்டிருப்பாங்க. அவங்களுக்கு உங்களைத் தெரியும். இந்த வருஷத்துலேருந்து கம்ப்யூட்டரே விலை போடுது. அதுக்குப் பந்தும் ஒண்ணுதான், லாரியும் ஒண்ணுதான்."

எழுந்து கண்ணாடி அறைக்குள் இருந்த மேனேஜரிடம் போனாள். கதவு பாதி திறந்திருந்தது. மேனேஜர் குரல் கேட்டது. "அவரே வந்து ஒத்துக்கிட்ட விபத்தை நாம எப்படி எடுக்கிறது?" அவள் சொன்னாள், "சார், அவருக்கு நாம ஒரு காசு கொடுக்கல. ஒரு க்ளெய்ம் ஃபாரம் கூட அவர் பூர்த்தி பண்ணல. தகவல்னு ஒரு கட்டம் இருக்கு சார், அதுல போடாம விபத்துல போட்டிருக்கு." கீபோர்டு தட்டும் சத்தம் கேட்டது. பிறகு மேனேஜர், "பந்தா?" என்று கேட்டார். நான் சுவரைப் பார்த்துக்கொண்டேன். போன வருஷத்துக் காலண்டர் தொங்கியது. காலண்டர் இருக்கிறது, எனக்குத்தான் கொடுக்கவில்லை.

அவள் திரும்பி வந்து ஒவ்வொன்றாக மாற்றினாள். ஏழு விபத்தையும் மாற்ற அரை மணி நேரம் ஆயிற்று. நான் அவள் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் புது விலை வந்தது. போன வருஷத்தை விடக் கொஞ்சம் குறைவு.

கட்டிவிடலாம். மெத்தைக்கடைக்காரருக்கு வேண்டாம் என்று சொல்லிவிடலாம். ஆனால் மகள் காட்டிய போன் நினைவுக்கு வந்தது.

"அம்மா, ஒண்ணு கேக்குறேன், மறைக்காம சொல்லு. இதே வண்டியோட இன்னிக்குப் புதுசா ஒருத்தன் உள்ள வந்தா அவனுக்கு என்ன விலை?"

அவள் கண்ணாடி அறைப் பக்கம் ஒரு பார்வை பார்த்தாள். ஏதோ தட்டினாள். திரையை என் பக்கம் கொஞ்சமாகத் திருப்பினாள். எனக்கு எழுத்து தடுமாறும், எண் தடுமாறாது. என் விலையில் கால் பங்கு குறைவு.

"அவன் என்ன செஞ்சான் இந்தக் கம்பெனிக்கு?"

"ஒண்ணும் செய்யலை. அதனாலதான். புது ஆளு வரணும்ல ஐயா."

"அப்ப நான்?"

"நீங்கதான் எப்படியும் வருவீங்களே."

அவள் அதைக் குத்தலாகச் சொல்லவில்லை. மருந்துச் சீட்டை வாசிப்பதுபோலச் சொன்னாள். கோபம் வர வேண்டிய இடம் அது. எனக்கு வரவில்லை. பத்தொன்பது வருஷமாக யாரோ ஒருவன் உள்ளே உட்கார்ந்து, இந்த ஆள் ஒழுங்காகக் கட்டுகிறான், ஒரு காசு கேட்கவில்லை என்று எழுதி வைத்துக்கொண்டிருப்பதாக நினைத்திருந்தேன். அப்படி ஒருவன் இல்லவே இல்லை. இல்லாதவனுக்கு நான் எதற்கு முகதாட்சண்யம் பார்க்க வேண்டும்?

"என்னையும் புது ஆளுன்னு போட்டுக்கோயேன்."

"உங்க வண்டி நம்பர் இங்க இருக்கே ஐயா. ஒத்துக்காது." பிறகு விசைப்பலகையைப் பார்த்துக்கொண்டே, மெல்லிய குரலில் சொன்னாள். "வேற கம்பெனிக்குப் போனா நீங்க புது ஆளுதான்."

"போனா, பத்தொன்பது வருஷமா க்ளெய்ம் வாங்காம இருந்த நல்ல பேரு?"

"அது உங்களோடது. எங்க போனாலும் கூட வரும். லெட்டர் தர்றேன், எடுத்துட்டுப் போங்க."

"இதை ஏன் யாரும் சொல்லல?"

"நீங்க கேக்கலையே ஐயா."

கடிதத்தை அடித்துக் கொடுத்தாள். பத்தொன்பது வருஷம், க்ளெய்ம் ஏதுமில்லை, சீல், கையெழுத்து. நான் அதை மூன்று தடவை எழுத்துக் கூட்டிப் படித்தேன். "பந்து எங்கயும் இல்லையே?" என்று கேட்டேன். இல்லை என்றாள். இந்த முறை சிரித்தே விட்டாள்.

வெளியே வந்து மகளுக்குப் போன் செய்தேன். சாப்பாட்டு இடைவேளையில் பேசினாள்.

"அந்தப் பாதி விலைக் கம்பெனி ஆபீஸ் எங்க இருக்கு?"

"எதுக்குப்பா ஆபீஸ்? நானே போன்ல போட்டுடறேன், அஞ்சு நிமிஷம்."

"ஷட்டர் இருக்கிற ஆபீஸா சொல்லு."

மூன்று தெரு தள்ளி இருந்தது. உள்ளே போவதற்கு முன்னால் ஷட்டரைப் பார்த்தேன். நல்ல கனம், அது ஓடும் தண்டவாளம் நேராக இருந்தது, பூட்டு இரண்டு. ஓடிப்போகிறவன் இவ்வளவு செலவு செய்ய மாட்டான். உள்ளே ஒரு பையன் டை கட்டிக்கொண்டு இருந்தான். கடிதத்தைப் பார்த்ததும் எழுந்து நின்றான். மகள் போனில் காட்டியதிலிருந்து இன்னும் கால் பங்குக்கு மேல் குறைத்தான். ஒவ்வொரு பக்கத்தையும் வாசிக்கச் சொன்னேன், வாசித்தான், தொண்டை கட்டிப் போய் இரண்டு தடவை தண்ணீர் குடித்தான்.

"ஐயா, இனிமே எங்களோடயே இருங்க," என்றான் பணம் வாங்கும்போது.

"அடுத்த வருஷம் விலையைப் பார்த்துட்டு சொல்றேன் தம்பி."

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. வாசல் பக்கம் ஒரு துணிப்பை இருந்தது. எட்டிப் பார்த்தேன். காரில் எப்போதும் கிடக்கும் சாமான்கள். முதுகுக்கு வைக்கும் சின்னத் தலையணை, தங்கைக்கு எடுத்துப் போகும் டப்பா, என் மனைவியின் குளிர்க் குல்லா. எல்லாவற்றையும் அவளே எடுத்து வைத்திருந்தாள், ஒரு வார்த்தை சொல்லாமல். டப்பாவைக் கழுவித் துடைத்து வேறு வைத்திருந்தாள்.

மெத்தைக்கடைக்காரருக்குப் போன் செய்து வர வேண்டாம் என்றேன். "இன்னும் கூட்டித் தரட்டுமா?" என்று கேட்டார். விலைக்காக இல்லை என்றேன். நம்பவில்லை. நானாக இருந்தாலும் நம்பியிருக்க மாட்டேன்.

பையைத் தூக்கிக்கொண்டு காருக்குப் போனேன். என் மனைவி கம்பை ஊன்றிக்கொண்டு கதவருகே வந்து நின்றாள்.

"என்னங்க, அந்த ஆளு வந்துட்டாரா?"

"வரல. வர மாட்டான்."

"ஏன்?"

"கார் விக்கலை."

அவள் கம்பைக் கதவில் சாய்த்துவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு, "டப்பாவை எதுக்கு வண்டிக்குள்ள வைக்கிறீங்க, சனிக்கிழமை வரைக்கும் வெயில்ல காயவா?" என்று அதட்டிவிட்டு உள்ளே போனாள்.

டப்பாவை மட்டும் எடுத்துக்கொண்டு பின்னாலேயே போனேன். அவள் அதற்குள் போனைக் காதில் வைத்திருந்தாள்.

"ஏண்டி, சனிக்கிழமை வர்றேன். என்னது? வராமப் போனாத்தான் நிம்மதியா? இரு, நேர்ல வந்து பேசிக்கிறேன் உன்னை."