முதல் பொட்டலம் முனிக்கு

எனக்குக் கோபம் மூக்கு நுனியில் என்று என் மாமியாரே ஊர் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறார். இல்லை என்று நானும் சொன்னதில்லை. ஆனால் ‘கேமரன் மலை ஆளுங்களுக்குக் கொழுந்து பறிக்கத்தான் தெரியும், கணக்கெல்லாம் நமக்கு விட்டுடணும்’ என்று கோலாலம்பூரில் உட்கார்ந்துகொண்டு ஒருவன் லைவில் சொன்னால், பொறுமைசாலிக்கே பொறுக்காது. எனக்கு எப்படிப் பொறுக்கும்? வந்த கோபத்தில் பந்தயம் கட்டிவிட்டேன்.

சொன்னவன் பெயர் அகிலன். நாங்கள் எல்லோரும் விளையாடுகிற ‘நாகபுரி’ என்ற ஆன்லைன் கேமில் அவன் பெரிய கை. அந்தக் கேமில் வேலை ஒன்றுதான். குகைக்குள் போய்ப் பாம்புகளை அடிக்க வேண்டும். செத்த பாம்பு ஒவ்வொன்றும் ஒரு கட்டிய பொட்டலத்தைப் போடும். பிரித்தால் பெரும்பாலும் துருப்பிடித்த ஆணிதான். எப்போதாவது ஒரு தடவை நீலமாக நாகக்கண் இருக்கும். அது இல்லாமல் நல்ல வாள் எதையும் செய்ய முடியாது. என் வாள் ஒரே ஒரு கண் குறைவதால் ஒரு வருடமாக அரைகுறையாகக் கிடக்கிறது.

எத்தனை பாம்புக்கு ஒரு கண் விழும்? இதைத்தான் டிராப் ரேட் என்கிறோம். கேம் கம்பெனிக்காரன் வாயைத் திறக்க மாட்டான். நாமே அடித்து, நாமே எண்ணிக் கண்டுபிடிக்க வேண்டியதுதான். அந்தப் பைத்தியம் எனக்கு முற்றிப்போய் இன்னும் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டேன். ஒருவர் காளிமுத்து மாமா, என் அம்மாவின் தம்பி. எஸ்டேட்டில் மேட்டு மலைக்குக் கங்காணி. ஐம்பது வயதைத் தாண்டிய பிறகு கேம் பிடித்ததால் இளவட்டங்களைவிட மோசமாகப் பிடித்துவிட்டது. இன்னொருத்தி என் சிநேகிதி சஃபியா. தானா ராத்தா டவுனில் அவள் அத்தாவின் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்காருகிறவள். நான் தேயிலை ஃபேக்டரியில் பேக்கிங் செக்‌ஷன்.

மூன்று பேரும் மாதக்கணக்கில் அடித்தோம். விழுந்ததை வாட்ஸ்அப்பில் போட்டோம். கூட்டிப் பார்த்தால், சஃபியாவுக்கு விழுந்ததில் பாதிகூட எனக்கும் மாமாவுக்கும் விழவில்லை. அதே குகை, அதே பாம்பு. அவளுக்கு மட்டும் என்ன கொட்டுகிறது? உற்றுப் பார்த்ததில் ஒரே வித்தியாசம்தான் தெரிந்தது. கேமில் அவள் விரலில் யோக மோதிரம் போட்டிருந்தாள். எங்களிடம் அது இல்லை. அவ்வளவுதான், மோதிரம் போட்டால் நாகக்கண் இரண்டு மடங்கு விழும் என்று எல்லோருக்கும் தெரிய எழுதிவிட்டேன்.

அதைப் படித்துவிட்டுத்தான் அகிலன் லைவில் சிரித்தான். மோதிரம் சும்மா அலங்காரமாம். உண்மையான ரகசியம் அவன் ஒருவனுக்குத்தான் தெரியுமாம். ஓர் இடம் இருக்கிறதாம், அங்கே பாம்பே அடிக்காமல் கண் எடுக்கலாமாம்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணியிலிருந்து பன்னிரண்டுக்குள் யார் வழியில் முதல் கண் கிடைக்கிறதோ அவர் ஜெயித்தவர். தோற்றவர் தன் கில்டைக் கலைத்துவிட்டு ஆட்களோடு மற்றவர் கில்டில் சேர வேண்டும். இதுதான் பந்தயம். கில்ட் என்றால் கேமில் நாங்கள் வைத்திருக்கிற கூட்டம். எங்களுடையதன் பெயர் ‘கொழுந்துப் படை’. திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுகிறவர், லெம்பா பெர்த்தாமில் தக்காளி போடுகிறவர், ஆஸ்பத்திரி நர்ஸ், எங்கள் லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் என்று ஒவ்வொருவராகக் கெஞ்சிக் கூத்தாடி நான் சேர்த்த கூட்டம். மலைக்கு ஒருவராகச் சிதறிக் கிடக்கிற நாங்கள் ஒன்றாகச் சிரிப்பது அங்கேதான். அதைத்தான் கோபத்தில் தூக்கிப் பந்தயத்தில் வைத்தேன். புத்தி கெட்டவள்.

சனிக்கிழமைதான் எனக்கு மோதிரம் கிடைத்தது. ஞாயிறு விடியற்காலை ஆறு மணிக்கே எழுந்து கேமுக்குள் போய்விட்டேன். முதல் பாம்பை அடித்தேன், முதல் பொட்டலத்தைப் பாலத்திலிருந்து கீழே முனிக்குப் போட்டேன்.

இதைச் சொல்லாமல் விட்டுவிட்டேன். மேட்டு மலை ஓரத்தில் எங்களுக்கு ஒரு முனியாண்டி கல் இருக்கிறது. காலையில் பறித்த முதல் பிடிக் கொழுந்தை அங்கே வைத்துவிட்டுத்தான் யாரும் கூடையில் போடுவார்கள். கேமிலும் குகைக்குள் ஒரு பாலம், அதற்கு அடியில் ஒரு கறுப்புக் கல், அதன் மேல் சிவப்பாக ஏதோ பூசியிருக்கும். முதல் நாள் அதைப் பார்த்ததுமே மாமா போனை மேசைமேல் வைத்துக் கும்பிட்டார். அன்றிலிருந்து முதல் பொட்டலம் முனிக்கு. கீழே இறங்கினால் மாமா வழுக்கி ஆற்றில் விழுந்து செத்துப்போவார், அவருடைய விரல் அவ்வளவு சுத்தம். அதனால் பாலத்தின் மேலிருந்தே போடுவோம். சாமி காரியத்துக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை, நாங்களும் வைக்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமை கேமை மூடாமல், போனை ஸ்வெட்டர் பைக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். எஸ்டேட்டில் லைன் விட்டு விட்டு வரும் என்பதால் சஃபியா கடையில்தான் லைவ். ஒரு மூலை மேசையைத் துடைத்து, லேப்டாப்பைத் திறந்து வைத்திருந்தாள். அதில் அகிலன் முகம் மட்டும் தெரிந்தது.

“இடத்தைக் கடைசியிலதான் காட்டுவேன்,” என்றான். “அக்கா, நீங்க ஆரம்பிங்க. மோதிரத்தைத் தொட்டுக் கும்பிட்டுக்குங்க.”

“தம்பி வாயை மூடிக்கிட்டு உங்க வேலையைப் பாருங்க,” என்றேன்.

அடித்தேன். ஆணி. அடித்தேன். ஆணி. கந்தல் துணி. ஆணி. எனக்கு வைத்த தே தாரிக் டீ ஆறி மேலே ஆடை கட்டிவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஒரு பழைய இரும்புக் கடையே வைக்கலாம் என்கிற அளவுக்கு ஆணி சேர்ந்தது. மோதிரம் விரலில் ஜொலித்துக்கொண்டு சும்மா இருந்தது. எப்போதோ விழுந்ததைப் பார்த்துவிட்டு மோதிரம் என்று நான் முடிவு கட்டியது, காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதைதானோ என்று முதல் தடவையாகத் தோன்றியது.

ஒரே ஆறுதல், அகிலனுக்கும் ஒன்றும் கிடைக்கவில்லை. முகத்தில் சிரிப்பு குறைந்துகொண்டே வந்தது.

பதினொன்றரைக்கு மாமா மோட்டார் சைக்கிளை வெளியே போட்டுவிட்டு வந்தார். மேட்டு மலை முனியாண்டி கல்லுக்கு விளக்குப் போட்டுவிட்டு வந்ததால் நெற்றியில் திருநீறு.

“பசியாறிட்டியா? மொகம் ஏன் இப்படி இருக்கு?” என்று கேட்டுக்கொண்டே என் பக்கத்தில் உட்கார்ந்து போனை எடுத்தார்.

“பேசாதீங்க மாமா. ஒரு கண்ணு கூட விழல.”

“விழும்லா. நானும் உள்ள போறேன்.” கொஞ்ச நேரம் தட்டினார். “அட, நம்ம முனிகிட்ட ஒரு பையன் வாளோட நிக்கிறான். கும்பிட வந்திருப்பான் போல.”

நான் காதில் வாங்கவில்லை. அடுத்த பாம்பு என் கண் முன்னால் இருந்தது.

அப்போதுதான் லேப்டாப்பில் அகிலன் நாற்காலியிலிருந்து எழுந்தே விட்டான். “வந்துருச்சு! பாத்துக்குங்க எல்லாரும், இந்தக் கல்லுதான். காலையில தானா பொட்டலம் குடுக்கும். இன்னிக்குக் காலையில எடுத்தது வெறும் ஆணி. ரெண்டாவது லேட்டு, ஆனா குடுத்துடுச்சு.” முகம் மறைந்து அவனுடைய கேம் திரை வந்தது. பொட்டலத்தைப் பிரித்தான். நீலமாக மின்னியது. நாகக்கண்.

தோற்றுவிட்டேன். என் திரையில் கில்ட் பக்கத்தைத் திறந்தேன். ‘கலைக்கவும்’ என்று ஒரு சிவப்புப் பொத்தான். லோரிக்காரர், நர்ஸ், எல்லோருடைய பெயரும் அதற்கு மேலே வரிசையாக இருந்தது. அழுகை வந்தது. அழுதேன்.

“சசி,” என்று என் தோளைப் பிடித்து உலுக்கினாள் சஃபியா. “அழுவாத. அவன் எங்க நிக்கிறான், பாரு.”

பார்த்தேன். பாலத்துக்கு அடியில் கறுப்புக் கல். மேலே சிவப்புப் பூச்சு.

“மாமா,” என்றேன். “இப்ப என்ன பண்ணீங்க?”

“என்னா பண்ணேன்? மொத பாம்ப அடிச்சேன், மொத பொட்டலத்த முனிக்குப் போட்டேன். தெனமும் செய்யறதுதான.”

கண்ணைத் துடைத்துக்கொண்டேன். போன கோபம் முழுதும் திரும்பி வந்தது, கூடவே சிரிப்பும் வந்தது. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்று இத்தனை மாதமாக எங்கள் முனி பங்கை எடுத்துத்தானா இவன் பெரிய கை ஆனான்?

மைக்கை இழுத்தேன். “தம்பி அகிலன், கொஞ்சம் நில்லுங்க. அந்தக் கல்லு இப்ப இன்னொன்னு குடுக்கும்.”

“ஒரு நாளைக்கு ஒன்னு, ரெண்டுதான்கா குடுக்கும். தெரியாம பேசாதீங்க.”

“குடுக்கும். ஆனா இந்தத் தடவை கீழ பாக்காதீங்க. தலையத் தூக்கிப் பாருங்க.”

மாமாவிடம் கேமை மூடிவிட்டு மறுபடி உள்ளே போகச் சொன்னேன். போனார். ஒரு பாம்பை அடித்தார். பாலத்துக்கு வந்தார். கடையில் ரொட்டி சானாய் போட்டுக்கொண்டிருந்தவர்கூடக் கையில் மாவோடு எங்கள் பின்னால் வந்து நின்றார். பொட்டலம் விழுந்தது. அகிலன் திரை மெதுவாக நிமிர்ந்தது. பாலத்தின் மேல், தலைக்கு மேலே ‘கங்காணி காளிமுத்து’ என்று பெயர் மிதக்க, ஒரு தொந்தி வைத்த வீரன் கும்பிட்டுக்கொண்டு நின்றான்.



அகிலன் அந்தப் பொட்டலத்தைப் பிரித்தான். ஆணி. “இன்னொரு தடவை,” என்றான். இப்போது அவன் குரலில் கிண்டல் இல்லை. மாமா வெளியே போய் வந்தார், போட்டார். நீலம்.

“அடியே சசி,” என்று சஃபியா மேசையைத் தட்டினாள். “எங்கிட்ட மட்டும் ஏன் கூட விழுதுன்னு கேட்டியே. மோதிரமும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல. நான் மொத பொட்டலத்தையும் பிரிப்பேன். நீங்க ரெண்டு பேரும் அதைப் பிரிச்சதே இல்ல.”

கேமுக்குள் நுழைந்ததும் அடிக்கிற முதல் பாம்பு. ரகசியம் அங்கேதான் இருந்திருக்கிறது. நாங்கள் கட்டு அவிழ்க்காமலேயே அதை முனிக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த ஆணிகளை மட்டும் மாதக்கணக்கில் எண்ணிக்கொண்டிருந்திருக்கிறோம்.

“எல்லாரும் கேமை மூடுங்க,” என்று மைக்கில் கத்தினேன். “திரும்ப உள்ள போயி ஒரே ஒரு பாம்பு அடிங்க. விழுந்ததைச் சொல்லுங்க.”

ஒரு நிமிடம் ஒன்றும் வரவில்லை. பிறகு வரத் தொடங்கியது. ஈப்போவிலிருந்து ஒருவர், ஆணி. கிள்ளானிலிருந்து ஒருவர், கண். ஜொகூர், கண். ஆணி. ஆணி. கண். எங்கள் லோரிக்காரர் எங்கேயோ மலைப்பாதையில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ‘சசிம்மா, கண்ணு’ என்று போட்டார். எழுத்து ஓடுகிற வேகத்துக்கு என்னால் படிக்க முடியவில்லை. சஃபியாவும் நானும் கட்டிப்பிடித்துக் குதித்தோம். அவள் அத்தா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார்.

“அக்கா,” என்றான் அகிலன். “உங்க மோதிரமும் பொய், என் கல்லும் பொய். பந்தயம் செல்லாது. கில்டைக் கலைக்காதீங்க.”

கலைப்பதா? சிவப்புப் பொத்தான் இருந்த பக்கத்தை எப்போதோ மூடிவிட்டேன்.

மாமா மைக்கைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். “ஏம்பா, இத்தனை நாளா சாமி பங்கையா எடுத்த?”

“தெரியாம எடுத்துட்டேன் மாமா.” பிறகு குரலைத் தாழ்த்தி, இத்தனை பேர் கேட்கிறார்கள் என்பதையே மறந்து, “சாமி சொத்து குலநாசம்னு அம்மா சொல்வாங்க. ஏதாச்சும் ஆயிடுமா? போன மாசம்கூட மோட்டார்லேருந்து விழுந்தேன்.”

“பலமா அடியா?”

“முட்டில தையல் போட்டாங்க.”

மாமா யோசித்தார். “அப்ப சரி. கணக்கு அதோட தீந்துச்சு. இனிமே எடுக்காத.”

மறுநாள் காலை ஆறு மணி. வெளியே பனியில் எதிர் லயம்கூடத் தெரியவில்லை. கேமுக்குள் போனேன், முதல் பாம்பை அடித்தேன், முதல் பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பாலத்துக்கு வந்தேன். வந்து நின்றுவிட்டேன். முந்தின நாள்வரை கண்ணை மூடிக்கொண்டு போட்டது. இப்போது தெரியும். உள்ளே நீலம் இருக்கலாம். என் வாளுக்கு ஒன்றே ஒன்றுதான் வேண்டும். ஒரு தட்டுத் தட்டினால் பிரிந்துவிடும். முனி எங்கே பார்க்கப்போகிறார்?

கீழே பார்த்தேன். கல்லைச் சுற்றி ஏற்கெனவே ஏழெட்டுப் பொட்டலம் கிடந்தது, ஒன்றும் பிரிக்கப்படவில்லை. பக்கத்தில் வாளை உருவிக்கொண்டு அகிலன் காவல் நின்றான்.

‘யாரையும் தொட விடல அக்கா,’ என்று எழுதினான். ‘போடுங்க.’

போட்டேன். வயிறு எரிய எரியத்தான் போட்டேன். பிறகு கேமை மூடி, மறுபடி உள்ளே போய், இன்னொரு பாம்பை அடித்தேன். முனிக்குக் கொடுத்தாகிவிட்டது, இது என் பங்கு. பிரித்தேன்.

ஆணி.

கீழேயிருந்து அகிலன் மறுபடி எழுதினான். ‘அக்கா, நீங்க போட்டதுல என்ன இருக்குன்னு பிரிச்சுப் பாத்துட்டு, திரும்ப அங்கயே வச்சுடட்டுமா?’

‘தொட்டா கைய வெட்டிடுவேன்,’ என்று எழுதிவிட்டு வேலைக்குக் கிளம்பினேன்.