ஏழாம் மாடி ஏலம்

ஓட்டு விலைமதிப்பற்றது என்று பள்ளிக்கூடத்தில் சொல்லித் தருகிறார்கள். நூற்றுப் பதினெட்டாம் அடுக்குமாடி புளோக்கில் அதற்கு விலை உண்டு: ஒரு மின்தூக்கிக் கதவு.

கார்கள் நிறுத்தும் கார்ப்பேட்டைக்கு அந்தப் பக்கம் நூற்றுப் பத்தொன்பது. இரண்டு புளோக்கும் ஒரே வருடத்தில் எழும்பியவை. இரண்டிலும் மின்தூக்கி ஒன்று, ஐந்து, ஒன்பது ஆகிய மாடிகளில் மட்டும் நின்றது. தொகுதி எல்லை நடுவிலிருக்கும் சாக்கடையோடு போகிறது. சென்ற தேர்தலில் சாக்கடைக்கு அந்தப் பக்கம் ஆளுங்கட்சி ஜெயித்தது, இந்தப் பக்கம் தோற்றது. இப்போது அங்கே மின்தூக்கி மாடிக்கு மாடி மணியடித்து நிற்கிறது. இங்கே கேட்டால், வரிசையில் கடைசி என்றார்கள். அந்த வரிசையைத் தீர்மானிப்பவர் திரு. ரேமண்ட் ஃபூ, இதே தொகுதியில் நின்று தோற்ற வேட்பாளர். ஜனங்கள் அவரை வீட்டுக்கு அனுப்பினார்கள். அரசோ 'ஆலோசகர்' என்று பட்டம் கொடுத்து, நிதிப் பெட்டிச் சாவியையும் அவர் இடுப்பிலேயே செருகி அனுப்பியிருந்தது.

ஏழாம் மாடி குவெக் போ செங், கீழே சந்தையில் காய்ந்த காளானும் கடலட்டையும் விற்பவர். கால் வெள்ளிக் காசுக்குக் கால்மணி நேரம் பேரம் பேசுவார், கோபப்பட மாட்டார். அவர் மனைவி கியோக் லானுக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டன, முழங்காலும் மடங்காது. வாரம் மூன்று நாள் ரத்தச் சுத்திகரிப்பு. ஒவ்வொரு முறையும் அவளைப் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, போ செங் ஒரு பக்கம், அடுத்த வீட்டு மலாய்க்காரன் ஜுமாரி ஒரு பக்கம் பிடித்து, ஐந்தாம் மாடி வரை படியில் இறக்க வேண்டும். திரும்பி வரும்போது ஏற்ற வேண்டும்.

ஒருநாள் ஜுமாரியின் செருப்பு வழுக்கியது. நாற்காலி சுவரில் முட்டி நின்றதால் கியோக் லான் தப்பினாள். வீட்டுக்குள் போனதும் சொல்லிவிட்டாள்.

"கிழவா, இனிமே என்னை அரிசி மூட்டையாட்டம் தூக்காத. எதிர் புளோக்குல சியா அம்மா ஒரு ரூம் வாடகைக்கு விடுறாளாம். நான் போறேன்."

"அதுல ஒத்தக் கட்டில்தானடி இருக்கு!"

"அதான் நான் மட்டும் போறேன்னேன்."

"இத்தன வருஷம் ஒரே கூரையில இருந்துட்டு இப்படிப் பேசுறியே."

"உன் கூரையில லிஃப்ட் நிக்குதா?"

வீட்டை விற்று எதிரே வாங்கலாம் என்றால், மின்தூக்கிக் கதவு வந்த மறுநாளே அங்கே விலை எழுபதாயிரம் வெள்ளி ஏறிவிட்டது. சாக்கடையைத் தாண்ட எழுபதாயிரம்.

"அடுத்த ஏழாம் மாசம் வரைக்கும் பொறு. லிஃப்ட்டைக் கொண்டாந்துடறேன்" என்றார் போ செங்.

"எப்படி, பையில போட்டா?"

அந்த வருடத்துச் சீன ஏழாம் மாதம் அப்போதுதான் தொடங்கியிருந்தது. நரகத்தின் கதவு திறந்து ஆவிகள் ஊருக்குள் திரியும் மாதம். கார்ப்பேட்டையில் கூடாரம் போட்டு, படையல் வைத்து, மேசை மேசையாக விருந்து நடந்தது. விருந்து நடுவே ஏலம். சிவப்புத் துணி கட்டிய கரிக்கட்டி, அதிர்ஷ்டம் தரும் என்று, ஆயிரக்கணக்கில் போகும். கடையில் அதன் விலை இரண்டு வெள்ளி. பொருளை அன்றே எடுத்துப் போகலாம், பணம் அடுத்த வருடம். கையெழுத்து கிடையாது, ஆவிகள் சாட்சி. ஏலம் கூவுபவர் போ செங். அவர் கூவிய இத்தனை வருடத்தில் ஒரு குடிகாரன்கூடக் கைவிரித்ததில்லை.

அன்று கரிக்கட்டியை மூவாயிரத்து எண்ணூற்று எண்பத்தெட்டு வெள்ளிக்கு ஏலம் எடுத்தவர் திரு. ஃபூ. கைதட்டல் அடங்குமுன் ஒலிவாங்கியை வாங்கிக்கொண்டார்.

"உங்க புளோக்கை நான் மறக்கல. ஆனா நிதி ஒரு அளவுதான். எங்களோட நின்னவங்களுக்கு முதல்ல செய்யறதுதானே நியாயம்? அடுத்த தடவை நீங்க நல்லா யோசிச்சு ஓட்டுப் போடுங்க, லிஃப்ட் தானா வரும்."

முன்வரிசையில் பிளாஸ்டிக் நாற்காலியோடு இறக்கிவைக்கப்பட்டிருந்த கியோக் லான், கணவரை நிமிர்ந்து பார்த்தாள். போ செங்குக்குக் காது மடல் சுட்டது. ஒலிவாங்கியைப் பிடுங்காத குறையாக வாங்கினார்.

"தவுக்கேமாரே, முதலாளிமாரே! அடுத்த பொருள்! ஐயா குடுக்கறது, ஏழாம் மாடியில லிஃப்ட் நிறுத்தம் ஒண்ணு! ஆரம்ப விலை என்ன பாஸ்? வெள்ளியிலயா, ஓட்டுலயா?"

கூடாரம் சிரித்தது. திரு. ஃபூவும் சிரித்தார். "அங்கிள், தமாஷ் பண்ணாதீங்க."

"விலை சொன்னது நீங்க. நான் கூவுறவன் மட்டுந்தான்."

ஹலால் இல்லாத விருந்தில் சாப்பிடாமல் ஓரமாகச் சோயாப் பானத்தோடு நின்ற ஜுமாரி கையைத் தூக்கினான். "எங்க வீட்டுல நாலு ஓட்டு! ஆனா ஒண்ணு கேக்கணும் தவுக்கே. எதிர் புளோக்குக்காரன் கட்டுற அதே வரியத்தான் நானும் கட்டுறேன். அதை எங்க கழிப்பாங்க?"

"கேட்டீங்களா பாஸ்? காசு வாங்கியாச்சு. காசு வாங்கின சரக்கைத் திரும்பவும் ஏலத்துல விடுறீங்க. என் கடையில ஒரே காளானை ரெண்டு பேருக்கு வித்தா என் தராசாலயே என் மண்டையைப் பொளப்பாங்க. உங்களுக்கு மட்டும் மாலை போடணுமா?"

யாரும் சிரிக்கவில்லை. அடுத்துப் பாடவந்த பெண் பாதி மேடையேறி அப்படியே நின்றாள்.

"சீக்கிரம் முடி கிழவா, சூப்பு ஆறுது" என்றாள் கியோக் லான்.

"நம்ம வழக்கம் தெரியும்ல? சரக்கு முதல்ல, விலை அப்புறம். லிஃப்ட்டைக் குடுங்க, ஓட்டைப் பத்தி அப்புறம் யோசிக்கிறோம். அடுத்த ஏழாம் மாசத்துக்குள்ள. ஒரு தரம்! ரெண்டு தரம்! மூணு தரம்!"

நாற்பது மேசையும் திரு. ஃபூவைப் பார்த்தன. அவர் பீர்க் குவளையை உயர்த்தினார். "சரி சரி, ஒத்துக்கிட்டேன். யாம் செங்!" என்று வாழ்த்துக் கூவி ஒரே மூச்சில் குடித்தார். விருந்துக் குழுவின் எழுத்தர் மற்ற பொருள்களைப் போலவே இதையும் சிவப்புத் தாளில் எழுதிச் சுவரில் ஒட்டினார்.

"ஒரு கிளாஸ் பீரை நம்பி வருஷம் பூரா படி இறங்கணுமா?" என்றான் ஜுமாரி, நாற்காலியைத் தூக்கும்போது.

"ஆவிங்க முன்னாடி சொன்ன சொல்லுடா. எவனும் ஏமாத்த மாட்டான்."

போ செங் உண்மையாகவே நம்பினார். சியா அம்மாவிடம் ரூம் வேண்டாம் என்றும் சொல்லிவிட்டார்.

அந்த வருடத்தில் நூற்றுப் பத்தொன்பதுக்குப் புதுச் சாயம் அடித்தார்கள். பேருந்து நிறுத்தத்திலிருந்து கூரை போட்ட நடைபாதை ஒன்று புறப்பட்டு, சாக்கடைக்கு ஒரு முழம் முன்னால் நின்றது. போ செங் மூன்று முறை ஆலோசகரின் அலுவலகம் போனார். டை கட்டிய பையன் ஒருவன் தண்ணீர் கொடுத்து, "அங்கிள், அது ஜோக்குதானே?" என்றான்.

மறுவருடம் ஏழாம் மாதம் பிறந்த அன்று காலை, கியோக் லான் இரண்டு பையில் துணியை மடித்து வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். "கடைசித் தரம் தூக்குங்க." போ செங் பேரம் பேசவில்லை. சியா அம்மாவின் ரூமும் ஏழாவது மாடிதான். அங்கே மின்தூக்கி மணியடித்து, கதவு திறந்து, அவளை உள்ளே வாங்கிக்கொண்டது.

விருந்து நாளில் திரு. ஃபூ எல்லோருக்கும் முன்னால் வந்தார். கரிக்கட்டிக்கான காசோலையை இரண்டு கையாலும் நீட்டினார்.

"சுத்தமாத் தீர்த்துட்டேன் தவுக்கே. ஆவிக் கடனை வெச்சிருந்தா குடும்பத்துக்கு ஆகாது பாருங்க."

"லிஃப்ட்டு?"

"அது கொள்கை விஷயம். கரிக்கட்டியோட சேர்த்துப் பேசக்கூடாது."

"செத்தவங்களுக்குப் பயந்து செக்கு எழுதுறீங்க. அதோ அந்த ஜன்னல்ல ஒருத்தி உயிரோட உக்காந்திருக்கா, அவளுக்கு என்ன எழுதுவீங்க?"

திரு. ஃபூ ஜன்னலைப் பார்க்கவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

அந்த வருடம் போ செங் ஏலம் கூவவில்லை. எழுத்தரின் தூரிகையைக் கேட்டு வாங்கி, பழைய சிவப்புத் தாளில் வரிக்கு வரி கணக்கை முடித்து, திரு. ஃபூ உட்கார்ந்த முகப்பு மேசைக்கு நேர் எதிரே ஒட்டினார்.

கரிக்கட்டி ஒன்று, திரு. ஃபூ, 3,888 வெள்ளி: வரவு.

அரிசி வாளி ஒன்று, மீன்கடை ஆ ஹோக், 688 வெள்ளி: வரவு.

லிஃப்ட் நிறுத்தம் ஒன்று, ஏழாம் மாடி, திரு. ஃபூ: சரக்கு வரவில்லை.

மேற்படி சரக்குக்கு நாங்கள் கட்டிய வரி, எதிர் புளோக் கட்டிய அதே தொகை: திரும்பவில்லை.

கியோக் லான் ரூம் வாடகை, மாதம் 450 வெள்ளி, லிஃப்ட் வரும்வரை: திரு. ஃபூ பெயரில் பாக்கி.