ஐரோலிக்குக் கொண்டுபோன குரல்

ஃபர்ஸானாவும் அவள் அப்பாவும் தாராவியைக் காலி செய்து போன பிறகும், அவளுடைய குரல் மட்டும் பள்ளிக்கூடத்தின் தமிழ் வகுப்பில் பதினான்கு மாதம் இருந்தது. காலையில் பெயர் வாசிக்கும்போது கடைசி பெஞ்சிலிருந்து பாடும். மற்ற நேரங்களில் தொந்தரவு எதுவும் கொடுத்ததில்லை.

பீகாரிலிருந்து வந்த பிள்ளையைத் தமிழ் வகுப்பில் யாராவது சேர்ப்பார்களா என்று கேட்கலாம். அந்த வகுப்பில் பத்தொன்பது பேர்தான் இருந்தார்கள். இருபது இல்லாவிட்டால் இழுத்து மூடிவிடுவதாக மேலிடத்து உத்தரவு. தமிழர்கள் தங்கள் பிள்ளைகளை இங்கிலீஷ் மீடியத்துக்கு அனுப்பிவிட்டு, தமிழ் வகுப்பு மூடப்போகிறதே என்று சங்கத்தில் கூடி வருத்தப்பட்டுக்கொண்டிருந்த காலம் அது. பை தைக்கும் பட்டறைக்குப் புதிதாக வந்திருந்த ஷமீம், தாயில்லாத ஏழு வயது மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வாசலில் நின்றார். டீச்சர் சகாயராணி மறுகேள்வி கேட்காமல் பெயரை எழுதிக்கொண்டார்.

நான்கு மாதம் அந்தப் பிள்ளை வாயே திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் சர்ச்சில் கீபோர்டு வாசிக்கிற சகாயராணிக்கு ஒரு யோசனை தோன்றியது. இனி யாரும் ‘உள்ளேன்’ சொல்ல வேண்டாம், அவரவர் வீட்டு மெட்டில் அவரவர் பெயரைப் பாடினால் போதும் என்றார். ஒருத்தி அம்மன் கொடைப் பாட்டு மெட்டில் பாடினாள், ஒருவன் செல்போன் மணியின் மெட்டில் பாடினான். ஒரு வியாழக்கிழமை ஃபர்ஸானா, தன் அம்மா நாற்று நடும்போது பாடிய மெட்டில் பெயரைப் பாடினாள். மதியச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது பேரும் அந்த மெட்டைப் பிடித்துக்கொண்டார்கள். அதன்பிறகு அவள் பக்கத்தில் உட்கார அடிதடியே நடந்தது.

பட்டறை ஒரே நாளில் கழிமுகத்துக்கு அக்கரையிலுள்ள ஐரோலிக்கு மாறியதால் அவளால் வகுப்பில் சொல்லிக்கொள்ளக்கூட முடியவில்லை. மறுநாள் சகாயராணி பழக்கதோஷத்தில் அவள் பெயரையும் வாசித்தார். குரல் பாடியது. பிள்ளைகள் யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. குரல் வந்திருக்கிறதே, இதில் பொய் என்ன என்று சொல்லிக்கொண்டு டீச்சர் வருகையைக் குறித்தார். உண்மையில் இருபதாவது ஆள் அவருக்குத் தேவைப்பட்டது. குரல் இங்கே இருந்தால் அந்தப் பிள்ளை அங்கே எதைக்கொண்டு பேசும் என்ற நினைப்பு வரும்போதெல்லாம் அதைத் தள்ளிவைத்தார்.

பதினான்காம் மாதம் ஷமீம் வந்தார். மகள் ஊமையாகிவிட்டாள், மூன்று டாக்டர்கள் பார்த்தும் தொண்டையில் கோளாறு இல்லை என்கிறார்கள், இங்கே யாராவது அவளைத் திட்டினார்களா என்று இந்தியில் கேட்டார். சகாயராணி வருகைப் பதிவேட்டைத் திறந்து அவள் பெயரை வாசித்தார். குரல் பாடியது. ஷமீம் போய் அந்தக் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து அழுதார்.

“தப்பு என்னுதுதான். நாமளே கொண்டுபோய்க் குடுத்துருவோம்,” என்றார் டீச்சர் பிள்ளைகளிடம்.

குரலைப் பையில் போட்டா கொண்டுபோக முடியும்? அந்த மெட்டை நிறுத்தாமல் முனகிக்கொண்டே போனால் அது கூடவே வந்துவிடும் என்று பிள்ளைகள்தான் சொன்னார்கள். சயானில் ரயில் ஏறி, தாணேயில் மாறி, முறைவைத்து முனகினார்கள். காட்கோபரில் கூட்டம் நெருக்கியபோது பாட்டு நூலாக இளைத்தது, அறுந்துவிடவில்லை.

ஐரோலியில் ஃபர்ஸானா வாயைத் திறந்தாள், குரல் உள்ளே போனது. அவள் அப்பாவைப் பார்த்துக் கேட்டாள்: “எப்பா, என்னக் கூப்பிட ஏன் இவ்வளவு நாளா வரல?”

ஷமீமுக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. பதினான்கு மாதம் தமிழுக்குள்ளேயே கிடந்த குரல் பழைய பேச்சைச் சுத்தமாக மறந்திருந்தது. அப்பா சொல்வது அவளுக்கு விளங்கியது. பதில் மட்டும் தமிழில்தான் வந்தது. சகாயராணியால் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. இருபதாவது குரலும் போய்விட்டதால் அந்த மாதமே தமிழ் வகுப்பை மூடினார்கள். பத்தொன்பது பேரும் இந்தி வகுப்புக்கும் மராத்தி வகுப்புக்கும் பிரிந்துபோய், புதிதாக வந்த பிள்ளைகளாக வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார்கள்.

ஷமீம் தினமும் காலையில் மகள் சொன்னதை மனப்பாடம் செய்து, சைக்கிளில் இட்லி விற்க வரும் முகைதீனிடம் ஒப்பிப்பார். முகைதீன் அதை இந்தியில் சொல்வார். பெரும்பாலும் பென்சில், பசி, பல்வலி. ஒருநாள் ஷமீம் தட்டுத்தடுமாறி ஒப்பித்தது இது: “அம்மா கனவுல வந்து பேசுதா. எனக்குப் பதில் சொல்லத் தெரியல.”

முகைதீன் இட்லிப் பாத்திரத்தை மூடினார். பிறகு அர்த்தம் சொன்னார். ஷமீம் தலையாட்டிக்கொண்டார். மறுநாளிலிருந்து அவர் இரண்டு வாக்கியங்களை மனப்பாடம் செய்துகொண்டு வந்தார். ஒன்று மகள் தனக்குச் சொன்னது, ஒன்று அவள் அம்மாவுக்குச் சொல்ல நினைத்த பதில். இரண்டாவதன் இந்தியை முகைதீன் எப்போதும் இரண்டு தடவை சொல்லிக்கொடுப்பார், மகளிடம் சேர்ப்பதற்குள் வழியில் மறந்துவிடக் கூடாது என்பதற்காக.