சிவப்பு அடித்த கொல்லை

அன்புமொழி ஸ்கூட்டியை வரப்போரம் நிறுத்தியபோது செங்கமலம் தன் கொல்லையில் களைக்கொத்தோடு குனிந்திருந்தாள். கடலைச் செடிகளுக்கு நடுவே, சோலார் தகடு மாட்டிய இரும்புக் கம்பத்தின் அடியில் முழங்கால் ஆழத்துக்குக் குழி. அன்புமொழி ஆராய்ச்சிக்காக மண்ணுக்குள் இறக்கியிருந்த சென்சார்களின் கறுப்பு வயர்கள் வெளியே தெரிந்தன.

"அத்த, ஐப்பசி மழை முடியிற வரைக்கும் விட்டுருங்க."

"வயர அறுத்துறக் கூடாதுன்னுதான் ஒன்ன வரச் சொன்னேன். பேசுறதுக்கில்ல."

போன மழைக்காலத்து ஈரத்தையும் வெக்கையையும் வைத்து அன்புமொழி கம்ப்யூட்டரில் ஒரு கணக்கை உருவாக்கியிருந்தாள். இந்த மழையிலும் மண் அந்தக் கணக்குப்படி நனைந்து காய்ந்தால்தான் அதை நம்பலாம். நம்பினால்தான் முப்பது வருஷம் கழித்து வரப்போகிற வெயிலுக்கு இந்த மண் என்ன ஆகும் என்று சொல்லலாம். அவளுடைய ஆராய்ச்சிப் பட்டமும் அதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது. ஆனால் அவள் பொறுக்கவில்லை. போன வாரம் ஊர் நூலகத்தில் கூட்டம் போட்டு, அரைகுறைக் கணக்கின் வரைபடத்தைத் திரையில் காட்டிவிட்டாள். முன்னாலேயே தெரிந்தால் இவர்களுக்கு நல்லதுதானே என்று நினைத்தாள். ஆலங்குடிக்குக் கிழக்கே முழுக்கச் சிவப்பு. 'நிலக்கடலைக்கு உகந்ததல்ல' என்று கீழே எழுத்து. யாரோ போனில் படம் பிடித்தார்கள். மறுநாள் ஊர் வாட்ஸ்அப்பில் சிவப்பும் எழுத்தும் மட்டும் சுற்றின. மேலே போட்டிருந்த வருஷத்தைக் காணோம்.

பக்கத்துக் கொல்லை ரெங்கசாமி வரப்பில் உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏம்மா, மண்ணுக்குக் காய்ச்சல்னு தெர்மாமீட்டர் வச்சீங்க, சரி. சீட்டுல செத்துப்போச்சுன்னுல எழுதிட்டீங்க!"

"அது இப்ப இல்லீங்க மாமா. அப்படி ஆகலாம்னுதான்..."

"எங்களுக்குப் புரியுது தாயி," என்றாள் செங்கமலம். "எண்ணெ எடுக்க வாரவனுக்குப் புரியணும்ல? அன்னைக்கு வெளையிற பூமின்னு சொல்லித்தான் வெரட்டுனோம். நாளைக்கு ஒன் படத்தக் காட்டி, வெளையாத மண்ணுதானேன்னு கேட்டா நான் என்ன சொல்ல?"

எண்ணெய்க் கிணறு தோண்ட வந்தவர்களை எதிர்த்து நடந்த அந்தப் போராட்டத்தின்போது அன்புமொழி பள்ளிக்கூடத்துப் பிள்ளை. குளத்தூரிலிருந்து பஸ் ஏறி வந்து, பந்தலில் உட்கார்ந்து, தொண்டை கட்டும்வரை கோஷம் போட்டவள்தான். படத்திலிருந்து ஊர்ப் பெயரை எடுத்துவிடலாம். வருஷத்தைப் பெரிய எழுத்தில் போடலாம். சிவப்பைப் பச்சையாக்க மட்டும் அவளால் முடியாது.

"கணக்கு தப்பாவும் இருக்கலாம்ல?" ரெங்கசாமி கேட்டார்.

"இருக்கலாம் மாமா. அதப் பாக்கத்தான் இந்த மழை வேணும்."

களைக்கொத்து நின்றது. செங்கமலம் நிமிர்ந்து, மூட்டம் போட்டிருந்த கிழக்கு வானத்தைப் பார்த்தாள்.

"பாத்துட்டு, சரிதான்னு வந்துட்டா?"

அன்புமொழி குழியோரம் வந்து குந்தினாள்.

செங்கமலம் குனிந்து கடைசி சென்சாரை மெல்ல உருவினாள். அதில் ஒட்டியிருந்த மண்ணைக் குழிக்குள்ளேயே தட்டினாள். "அன்னைக்கு வந்தவனும் மொதல்ல பாக்கெட்டுல மண்ணத்தான் அள்ளிட்டுப் போனான்," என்று முனகியபடி மிச்சத்தை முந்தானையால் துடைத்தாள். அன்புமொழி கையை நீட்டினாள். செங்கமலம் கொடுக்கவுமில்லை, திரும்ப இறக்கவுமில்லை. உள்ளங்கைக்குள் மூடிக்கொண்டு நின்றாள்.

வயர் இன்னும் கம்பத்தோடுதான் இருந்தது. சென்சாரின் அளவுகள் வந்து விழும் அன்புமொழியின் போன் திரையில் ஈரத்தின் கோடு சரிந்து அடியில் படுத்துவிட்டது. வெப்பத்தின் கோடு மெதுவாக ஏறி, செங்கமலத்தின் கைச்சூட்டில் வந்து நின்றது.