சிப்பி வெட்டாத வருடம்

கப்பல்துறைக் குளத்தில் இறங்கினால் சிப்பி காலை வெட்டும். அந்த வருடம் வெட்டவில்லை. குளிக்க வந்த பெண்கள் அதை நல்லகாலம் என்றே சொன்னார்கள். தங்கரத்தினம் மட்டும் அதை நம்பவில்லை. அடிச்சேற்றை அள்ளிப் பார்த்தாள். உயிர்ச் சிப்பிதான் விளிம்பை நிமிர்த்தி நிற்கும்; இப்போது சிப்பியும் நத்தையும் வெறும் ஓடுகளாகச் சாய்ந்து கிடந்தன. உயிரோடு நெளிந்தவை சாக்கடையில் காணும் சிவப்புப் புழுக்கள் மட்டுமே. மேலே புதிதாகப் போட்ட தோல் பதனிடும் கொட்டிலின் கழிவு இந்தக் குளத்தில்தான் விழுந்தது. அவளுடைய மகள் நாலு நாளாக வாந்தி எடுத்துக் கிடந்தாள். கிணறுகளோ உப்பு. குளம் கெட்டதென்று அரசாங்கக் கந்தோர் எழுதினால்தான் பவுசர் வண்டியில் நல்ல தண்ணீர் வரும்.

கந்தோரிலிருந்து பார்க்க வந்த அதிகாரி போத்தலில் தண்ணீர் மொண்டு வெயிலில் பிடித்தார். கண்ணாடிபோலத் தெளிவாக இருந்தது. அவள் சேற்றுச் சட்டியை நீட்டினாள்.

"ஐயா, அடியைப் பாருங்கோ. புழுவைத் தவிர ஒண்டும் உயிரோட இல்லை."

"பிள்ளை, தண்ணி பார்க்கத்தான் எனக்கு உத்தரவு. சேத்தையோ குடிக்கிறீங்கள்?"

"சிப்பி வெட்டாமல் என்ரை மச்சாளுக்குக் கால் தினவெடுக்குது, ஐயா" என்றாள் குளிக்க வந்திருந்த தங்கரத்தினத்தின் மச்சாள் கமலாதேவி. எல்லாரும் சிரித்தார்கள்.

அதிகாரி 'குடிக்கலாம்' என்று எழுதிவிட்டுப் போனார்.

வீட்டில் மகள் தண்ணீர் கேட்டு முனகிக்கொண்டிருப்பாள். தங்கரத்தினம் சேற்றைக் கரையில் கொட்டினாள். சட்டியைக் கழுவி, அதே குளத்தில் மொண்டுகொண்டு நடந்தாள்.